ஆட்டுக்கல்லில் தண்ணீர்

எங்கள் வாடகை வீட்டின் சொந்தக்காரர், மாடியில் குடியிருக்கும் மாதவராஜ் அண்ணனைப் போல ஒரு நல்ல மனிதரை அரூர் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. அவரிடம் எனக்குப் பிடிக்காத விஷயமே அதுதான். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இவரோ நம் தலையில் கல்லைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால்கூட, "சாப்ட்டியாம்மா?" என்று கேட்பார்.

வெள்ளிக்கிழமை மாலையும் அப்படித்தான் கேட்டார். நான் வேலையிலிருந்து வந்து ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"இந்நேரத்துக்கு என்னாங்கண்ணா சாப்பாடு? விஷயத்தச் சொல்லுங்க" என்றேன்.

அவர் வாசல் கேட்டின் கம்பியைத் தடவிக்கொண்டு நின்றார். "ஞாயித்துக்கெழம ராகிய இண்டூருக்கு அனுப்பிரலாம்னு பாக்கறேன்மா. எங்க சித்தப்பா பையனுக்கு அங்க மாந்தோப்பு இருக்குது. காவலுக்கு நாய் வேணும்னு கேட்டுட்டே இருக்கறான். அன்பு டெம்போவ வரச் சொல்லிட்டேன்."

ராகி என்பது எங்கள் நாய். களி உருண்டையின் நிறத்தில் இருந்ததால் என் கணவர் குரு வைத்த பெயர். பின்பக்கம் அதன் சங்கிலி ஓசை கேட்டது. என் வண்டிச் சத்தம் கேட்டால் அது இருப்புக் கொள்ளாமல் குதிக்கும்.

"எதுக்குங்கண்ணா அனுப்பணும்? யாரையாச்சும் கடிச்சுதா?"

"சேச்சே, அது தங்கமான நாயி. ஆனா பின்னாடி தெரு பள்ளிவாசல்ல பாங்கு சொல்றப்ப எல்லாம் இது மூஞ்சியத் தூக்கிக்கிட்டு ஊஊன்னு இழுக்குதும்மா. இன்னிக்கு வெள்ளிக்கெழம வேற. தெருவே தொழுகைக்குப் போவுது. அவங்க மனசு என்னா பாடுபடும்? எனக்கு மத்தியானம் சோறு எறங்கல. ஜன்னல எல்லாம் சாத்திட்டு உக்காந்துட்டேன்."

"அவங்க யாராச்சும் வந்து சொன்னாங்களா?"

"சொல்ல மாட்டாங்கம்மா. அவங்க அப்படிப்பட்டவங்க. அதனாலதான் எனக்கு இன்னும் கூச்சமா இருக்குது."

இந்த ஆளை என்னதான் செய்வது, சொல்லுங்கள். யாரும் கொடுக்காத புகாருக்கு இவராகவே தீர்ப்பும் எழுதி வண்டியும் ஏற்பாடு செய்துவிட்டார். பஜாரில் உரக்கடை வைத்திருக்கிறார். கடைக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் நல்ல பெயர் வாங்கி வாங்கி, யாருடைய முகமாவது சுருங்கினால் இவருக்கு அன்றைக்குத் தூக்கம் போய்விடும்.

"விடிகாலைல பாங்கு சொல்றப்ப நான் வூட்டுலதான் இருக்கறன். இது காதக்கூட ஆட்டாதுங்கண்ணா. ராத்திரியும் அப்படித்தான். நீங்க வேற எந்த நாயையோ கேட்டுட்டுச் சொல்றீங்க."

"பகல்ல கேளும்மா" என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "பகல்ல நீ இருந்தாத்தானே தெரியும்?"

அவர் குத்திப் பேசுகிறவர் இல்லை. இருந்தாலும் அது சுருக்கென்று குத்தியது.

நான் பகலில் இருப்பதில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஸ்கேன் சென்டரில் முன்மேசை வேலை. காலையில் போனால் பொழுது சாயும் நேரத்துக்குத்தான் வருவேன். குரு ஓசூரில் கம்பெனி வேலை, சனிக்கிழமை இரவு வந்து திங்கட்கிழமை விடிய ஓடிவிடுவார். கல்யாணமான புதிதில் இந்த வீட்டுக்கு வந்தபோது, தனியாகப் படுக்க எனக்கு அவ்வளவு பயம். அந்த ஐப்பசி மழையில் எங்கிருந்தோ நனைந்துகொண்டு வந்து புழக்கடையில் மாடிப்படிக்குக் கீழே சுருண்டு படுத்ததுதான் இந்த ராகி. விரட்டப் போனேன். அது வாலை ஆட்டக்கூடத் தெம்பில்லாமல் என்னைப் பார்த்தது. அன்றைக்கு அதற்கு ஊற்றியது மீந்துபோன ரசம் சோறு. அன்றிலிருந்து எனக்குப் பயமும் போய்விட்டது.

வீட்டுக்குள்ளே நாய் வரக்கூடாது என்பது வாடகைக்கு வந்தபோதே பேசிக்கொண்டது. புது டைல்ஸ். அதனால் பகல் முழுக்க ராகிக்குப் புழக்கடைதான். குரு அதற்கு நல்ல ஏற்பாடு செய்திருந்தார். மாடிப்படித் தூணிலிருந்து பின்சுவர் வரைக்கும் ஒரு தடித்த கம்பி, அதில் ஒரு வளையம், வளையத்தில் சங்கிலி. ராகி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இஷ்டம்போல நடக்கலாம். கிர்ரென்று வளையமும் கூடவே போகும். காலையில் வீட்டு நிழல் புழக்கடையில் விழும். மதியம் படிக்கட்டுக்கு அடியில் ஒதுங்கலாம். சாயங்காலம் பின்சுவர் நிழல் தரும். பிளாஸ்டிக் தொட்டி நிறையத் தண்ணீர், வட்டிலில் சோறு. ஞாயிறானால் ஸ்கூட்டரின் முன்பலகையில் ஏற்றிக்கொண்டு தீர்த்தமலைப் பக்கம் என் அம்மா வீட்டுக் காட்டுக்குப் போய்விடுவோம். அன்றைக்கெல்லாம் அது சங்கிலியில்லாமல் மண்ணில் புரண்டு, சாயங்காலம் பார்த்தால் களிக்குப் பதில் செங்கல் நிறத்தில் வரும்.

ஆனாலும் ஊர் சும்மா இருக்குமா? என்னோடு வேலை செய்கிற கலைமதி தன் செல்போனில் ஏசி அறையில் மெத்தையில் படுத்திருக்கும் நாய்களின் வீடியோவைக் காட்டி, "நீயும் வச்சிருக்கியே, வெயில்ல காயப் போட்டுட்டு" என்பாள். மிளகாயா காயப் போட? நாய் மண்ணில் படுத்து, வெளியே போகிற வருகிறதைப் பார்த்துக் குரைத்து, காக்கையோடு வம்பிழுத்துக்கொண்டு இருக்கிற பிராணி என்று அவளிடம் வாய் கிழியப் பேசியிருக்கிறேன். பேசிவிட்டு, மதிய வெயிலில் ஸ்கேன் சென்டர் கண்ணாடிக்கு வெளியே ரோடு பளபளப்பதைப் பார்க்கும்போது எனக்கே சந்தேகம் வரும். இப்போது என்ன செய்துகொண்டிருக்குமோ என்று தோன்றும். அந்த இடத்தில்தான் மாதவராஜ் அண்ணன் கை வைத்துவிட்டார்.

குருவுக்குப் போன் செய்தேன். "வேற வூடு பாத்துரலாமா?" என்றார். நாயோடு வருகிறவர்களுக்கு அரூரில் யார் வீடு கொடுப்பார்கள்? இந்த வீட்டுக்கே எத்தனை படி ஏறி இறங்கினோம் என்று அவருக்கும் தெரியும். "தோட்டம்தானே சசி, நல்லாத்தான் இருக்கும்" என்று அவர் மெதுவாகச் சொன்னபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மாந்தோப்பில் ஒரு மரத்தடியில் கட்டிப்போட்டால் பழக்காலம் தவிர அதன் முகத்தைப் பார்க்க யார் வருவார்கள்? போனை வைத்துவிட்டுப் புழக்கடைக்குப் போய் ராகியைக் கட்டிக்கொண்டு அழுதேன். அது என் காதை நக்கிவிட்டு, வட்டிலைப் பார்த்தது.

அழுது முடித்ததும் புத்தி வேலை செய்தது. விடிகாலையில் ஊளையிடாத நாய் பகலில் மட்டும் ஏன் ஊளையிடுகிறது? பாங்குச் சத்தம் பிடிக்காவிட்டால் எல்லா நேரமும்தானே பிடிக்காமல் போக வேண்டும்? அதைக் கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை காலை வழக்கம்போல ராகிக்குச் சோறு வைத்து, தொட்டி நிறைய ஊற்றி, சங்கிலியை மாட்டிவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தே திரும்பி வந்து, முன்கதவைச் சத்தம் போடாமல் திறந்து, சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். சொந்த வீட்டில் திருடி மாதிரி. ஸ்கேன் சென்டருக்கு வயிற்றுவலி என்று சொல்லியாகிவிட்டது.

முதல் அதிர்ச்சி, வெயில் ஏறுவதற்கு முன்பே வந்தது. ராகி தொட்டியிடம் போய் கொஞ்சம் குடித்தது. பிறகு ஒரு காலைத் தொட்டிக்குள் விட்டு, வெகு சாதாரணமாக அதைக் கவிழ்த்தது. தண்ணீர் ஓடிய ஈர மண்ணில் வயிற்றை ஒட்டிக்கொண்டு படுத்து ஒரு பெருமூச்சு விட்டது. ராஜ வாழ்க்கைதான். ஆனால் குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தினமும் சாயங்காலம் நான் வரும்போது தொட்டி கவிழ்ந்துதான் கிடக்கும். என்னைப் பார்த்துக் குதிக்கிற குதியில் கவிழ்க்கிறது என்று நினைத்திருந்தேன். அப்படியானால் இத்தனை நாள் பகல் முழுக்க இது எதைக் குடித்தது? ஓடிப் போய்த் தண்ணீர் ஊற்ற எழுந்தேவிட்டேன். ஆனால் நான் போனால் தெரிய வேண்டியது தெரியாமலே போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மதியம் வெயில் புழக்கடை முழுக்க இறங்கியது. ராகி படிக்கட்டுக்கு அடியில் நாக்கைத் தொங்கப் போட்டுப் படுத்திருந்தது. மாதவராஜ் அண்ணன் சாப்பிட வந்து, அதைத் தாண்டி மாடியேறிப் போனார். ஏறியதும் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

அப்புறம் பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஒரு முறை செருமியது. அவ்வளவுதான், ராகி எழுந்துவிட்டது. உடம்பை நீட்டி நெளித்து, கிர்ரென்று வளையம் இழுபட, வெயிலுக்குள்ளேயே நடந்து பின்சுவருக்குப் போய், அங்கே வேண்டாமென்று கிடந்த பழைய ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் முன்னங்காலை ஊன்றி உட்கார்ந்தது. பாங்கு தொடங்கியது. ராகி முகத்தைத் தூக்கியது. மாதவராஜ் அண்ணன் பொய் சொல்லவில்லை. நீளமாக, இழுத்து, ஊர் முழுக்கக் கேட்கும்படி ஊளையிட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழாய் திறக்கும் சத்தம். பிறகு ஒரு பெண் குரல்.

"வந்துட்டேன்டா, வந்துட்டேன். என்னா அவசரம்?"

சுவருக்கு மேலே பச்சை நிற ரப்பர் குழாயின் நுனி எட்டிப் பார்த்தது. ஒரு மூங்கில் குச்சியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. குச்சி சரியாக வளைந்து ஆட்டுக்கல்லுக்கு நேராக நின்றது. தண்ணீர் கொட்டியது. ஆட்டுக்கல்லின் குழி நிறைந்து வழிந்தது. ராகி சளக் சளக்கென்று குடித்தது. அந்தக் கல் எந்நேரமும் ஈரமாக இருப்பதைப் பார்த்து எங்கிருந்தோ தண்ணீர் கசிகிறது என்று நினைத்திருந்தேன். ஆட்டுக்கல்லை எந்த நாயாலும் கவிழ்க்க முடியாது!

"போதுமா? இன்னும் கொஞ்சமா? செரி, தலைய நீட்டு." குழாய் நுனி நகர்ந்தது. ராகி தலையை நீட்டி, முதுகில் தண்ணீரை வாங்கிக்கொண்டு சிலிர்த்தது. உடனே குழாய் சரேலென்று பின்வாங்கியது. "டேய், என் மேல தெளிக்காதடா, தெளிக்காத! இனிமேதான் நான் கைகால் கழுவணும்."

நான் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். முக்காலியைச் சுவரோரம் போட்டு ஏறி எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் ஒரு துவைக்கிற கல், ஒரு குழாயடி, கையில் குச்சியோடு ஒரு அம்மா. தலையில் முக்காடு. அறுபதைத் தொட்டிருக்கலாம். என்னைக் கண்டதும் பிடிபட்டவர்போலக் குச்சியைக் கீழே இறக்கினார்.

"உங்க புழக்கடைய நனைச்சுட்டன்னு சண்டைக்கு வந்தியாம்மா?" என்றார்.

"இல்லீங்கம்மா. நீங்க யாருன்னு பாக்கத்தான் ஏறினேன்" என்றேன்.

அவர் பெயர் ஜான் பீ. மகன் அப்துல்லா பஜாரில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். எங்கள் வீடும் அவர் வீடும் முதுகோடு முதுகு ஒட்டியிருந்தாலும் வாசல் வேறு வேறு தெருவில். வருஷக் கணக்கில் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. போன கோடையில் மதியத் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவக் குழாயைத் திறந்தபோது, இந்தப் பக்கம் ராகி முனகுவது கேட்டிருக்கிறது. துவைக்கிற கல்லின் மேல் ஏறிப் பார்த்தால் தொட்டி கவிழ்ந்து கிடந்ததாம்.

"கையில தண்ணிய வச்சிக்கிட்டு, பக்கத்துல ஒரு உசுரு தண்ணிக்கு முனகறதக் கேட்டுக்கிட்டு, நான் எப்படிம்மா மூஞ்சி கழுவறது?" என்றார் ஜான் பீ. "நாயத் தொட மாட்டோம். அது எச்சி பட்டா மறுபடி கழுவணும். அதனாலதான் குச்சி. மொதல்ல அதுக்கு ஊத்திருவேன், அப்புறம் நான் கழுவிக்குவேன். மத்தியானம் ஒருக்கா, வெயில் எறங்கற நேரத்து அசர் தொழுகைக்கு ஒருக்கா. விடிகாலைலயும் ராத்திரியும் நான் உள்ளாறயே கழுவிக்குவேன், இருட்டுல வழுக்கும்னு மகன் வுட மாட்டான். சாயங்காலம் உன் வண்டிச் சத்தம் கேட்டா குழாயச் சுருட்டிருவேன். அதான் நீ வந்துட்டியே."

முக்காலியின் மேல் நின்றபடியே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கலைமதியிடம் வாய் கிழியப் பேசிவிட்டு நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்த மதியங்களில் எல்லாம், என் நாய்க்கு ஒரு ஆள் இருந்திருக்கிறார். தொடக்கூடாது என்பதையும் விடாமல், அதன் தாகத்தையும் விடாமல், நடுவில் ஒரு மூங்கில் குச்சியைக் கட்டிக்கொண்ட ஆள். இப்படி ஒரு யோசனை எனக்கு வந்திருக்குமா? வராது. தொடத் தயங்குகிற எதையும் நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

"அம்மா, நாளைக்கு இத அனுப்பப் போறாங்க" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

ஜான் பீயின் முகம் மாறியது. நம்மைப் போலவே அந்த அம்மாவுக்கும் கோபம் மூக்குக்கு மேலேதான் இருக்கிறது. "எங்க மனசு புண்படும்னு அனுப்பறாரா? எங்க மனசு எங்க கிட்டதானே இருக்குது? வந்து ஒரு வார்த்த கேக்கறது!" என்றார். தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போனவர், கதவருகே திரும்பி, "நீ போயி அவருகிட்ட வெவரத்தச் சொல்லு" என்றார்.

போய்ச் சொன்னேன். விஷயம் இன்னும் மோசமானது.

"அந்தம்மா தெனமும் தண்ணி வேற ஊத்தறாங்களா?" மாதவராஜ் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, நம்ம வூட்டு நாயினால வயசான அம்மாவுக்கு எவ்வளவு தொந்தரவு! தொழுகைக்கு நேரமாவறப்ப நாய்க்குத் தண்ணி ஊத்தணும்னு என்னா தலையெழுத்தும்மா அவங்களுக்கு? வேண்டாம் சசி. நாளைக்குக் கண்டிப்பா அனுப்பிரணும்."

நல்லவர்களோடு போராடி ஜெயிக்கவே முடியாது. சாயங்காலம் சுவரருகே போய் ஜான் பீயிடம் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். "டெம்போ எந்நேரத்துக்கு வருது?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தீர்த்தமலைக்குப் போகவில்லை. குரு காலையிலிருந்து ராகியோடு புழக்கடையில் உட்கார்ந்திருந்தார். நான் அதற்குப் பிடித்த கறிச்சோறு போட்டு, தொட்டியை இரண்டு செங்கல்லுக்கு நடுவில் வைத்துக் கவிழாதபடி முட்டுக்கொடுத்து நிறையத் தண்ணீர் வைத்தேன். நாய் போகிற நாளில்தான் எனக்கு இந்தப் புத்தி வந்தது என்று என் மேலேயே ஆத்திரமாக இருந்தது. மதியம் நெருங்கும்போது அன்புவின் டெம்போ வந்து நின்றது. மாதவராஜ் அண்ணன் பழைய சாக்கை மடித்து டெம்போவில் விரித்தார், அதற்கு உறுத்தக்கூடாதாம்.

குரு சங்கிலியைக் கழற்றக் குனிந்தபோது முன்வாசலில் குரல் கேட்டது.

"வூட்டுக்காரர் இருக்கறாருங்களா?"

கருப்பு புர்கா போட்டுக்கொண்டு, இரண்டு தெரு சுற்றி நடந்து, மூச்சு வாங்க ஜான் பீ நின்றுகொண்டிருந்தார். மாதவராஜ் அண்ணன் ஓடிப் போய் நாற்காலி கொண்டுவந்தார். "உக்காருங்கம்மா, காப்பி சாப்புடறீங்களா? எங்க நாயினால உங்களுக்கு ரொம்ப..."

"காப்பி அப்புறம் குடிக்கறேன். நாய எதுக்கு அனுப்பறீங்க?"

"பாங்கு சொல்றப்ப ஊளையிடுதுங்கம்மா. உங்களுக்கு மரியாத வேண்டாமா?"

"பாங்கு எல்லாரையும்தானுங்க கூப்புடுது. நான் குழாய்க்கு வர்ற நேரம்னு இதுக்குத் தெரிஞ்சு போச்சு. தண்ணிக்குக் கத்துது. இதுல எங்களுக்கு என்னா மரியாத கொறஞ்சு போச்சு?"

"உங்களுக்குப் பெரிய மனசு. அப்படித்தான் சொல்லுவீங்க. மத்தவங்க?"

ஜான் பீ பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஒலிபெருக்கி செருமியது.

நானும் மாதவராஜ் அண்ணனும் பின்பக்கம் ஓடினோம். குருவின் கையிலிருந்து ராகி நழுவிக்கொண்டு போனது. சங்கிலி இன்னும் கழற்றப்படவில்லை. கிர்ரென்று வளையம் இழுபட ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி முகத்தைத் தூக்கியது. மாதவராஜ் அண்ணன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். ஜான் பீ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, உதடு அசையப் பாங்கைக் கேட்டபடி பின்பக்கம் வந்து நின்றார்.

பாங்கு முடிந்த பிறகும் ராகி நிறுத்தவில்லை.

"தண்ணி நெறைய இருக்குதே?" என்றார் ஜான் பீ, முட்டுக்கொடுத்த தொட்டியைப் பார்த்து. "அப்புறம் ஏன் கத்துது?"

மாதவராஜ் அண்ணன் பதறிப்போய் ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு ஆட்டுக்கல்லில் ஊற்றினார். "குடி, குடி. இந்தா, தண்ணிதானே?" ராகி அவரையும் பார்க்கவில்லை, தண்ணீரையும் பார்க்கவில்லை. சுவருக்கு மேலே, பச்சைக் குழாய் வருகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஊளையிட்டு நிறுத்திக் காதைத் தூக்கும். அந்தப் பக்கம் ஒன்றும் கேட்காவிட்டால் மறுபடி ஊளையிடும்.

"டேய்" என்றார் ஜான் பீ. "நான் இங்கதான் இருக்கறேன்டா."

பாதி ஊளையில் நின்றுவிட்டது ராகி.

திரும்பியது. குரலைத் தேடி எங்கள் எல்லோரையும் பார்த்தது. சுவரைப் பார்த்தது. மறுபடி எங்களைப் பார்த்தது. அது அந்த முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை, அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு குரலும் ஒரு குழாயும்தான். "என்னா பாக்கற? நான்தான்" என்றார் ஜான் பீ. அவ்வளவுதான், சங்கிலி முறுக்கிக்கொள்ள அப்படியே பாய்ந்து வந்தது. அவரிடமிருந்து ஒரு முழத் தூரத்தில் சங்கிலி இழுத்துப் பிடித்தது. வால் மட்டுமல்ல, இடுப்பிலிருந்து பின்னால் மொத்தமும் ஆடியது. ஜான் பீ புர்காவைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினார்.

"அங்கயே நில்லு, அங்கயே நில்லு! நான் தொழுகைக்குப் போவணும்."

ராகி உட்கார்ந்தது. இத்தனை காலம் நான் உட்கார் உட்கார் என்று தொண்டை கிழியச் சொல்லி ஒருநாள் கேட்டதில்லை. இப்போது ஒரே வார்த்தைக்கு, ஒரு முழம் தள்ளி, மண்ணில் வாலால் கூட்டியபடி உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது, எதற்கு மறைக்க வேண்டும்? ஜான் பீ முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தண்ணிக்குன்னுல்ல நெனச்சேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மாதவராஜ் அண்ணன் கையில் சொம்போடு நின்றிருந்தார். அவர் ஊற்றிய தண்ணீர் ஆட்டுக்கல்லில் அப்படியே இருந்தது. நாயைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், நடுவில் இருந்த ஒரு முழ மண்ணைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"அன்பு, நீ வண்டிய எடுத்துக்கிட்டுப் போப்பா."

"நாய ஏத்தலீங்களாண்ணா?"

"அடுத்த வூட்டு நாய நான் எப்படிப்பா அனுப்பறது? இது நம்ம வூட்டுல இல்ல. அந்தம்மா வூட்டுலதான் இருக்குது."

நான் சிரிக்கலாமா அழலாமா என்று தெரியாமல் நின்றேன். குரு திரும்பிக்கொண்டு கம்பியில் இல்லாத முறுக்கைச் சரி செய்தார். ஜான் பீ காப்பிக்குக்கூட நிற்கவில்லை, நேரமாகிவிட்டது என்று விறுவிறுவென்று நடந்து போனார்.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் குழாய் திறந்தது. பச்சை நுனி எட்டிப் பார்த்தது. ராகி எழுந்து போனது. நிறைந்திருந்த ஆட்டுக்கல்லில் இன்னும் கொஞ்சம் விழுந்ததும், வயிறு முட்டச் சாப்பிட்டிருந்த அந்த நாய், ஏதோ காலையிலிருந்து ஒரு சொட்டும் காணாததுபோல சளக் சளக்கென்று குடித்தது.

இப்போதும் நான் காலையில் அதைப் புழக்கடையில் கட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். கலைமதி இப்போதும் வீடியோ காட்டுகிறாள், பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்கிறேன். மதியம் கண்ணாடிக்கு வெளியே ரோடு பளபளக்கும்போது பேருந்து நிலையப் பக்கத்துப் பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்கும். அப்போது என் நாய் யாரைக் கூப்பிடுகிறது என்று எனக்குத் தெரியும். மாதவராஜ் அண்ணனும் சாப்பிடும்போது ஜன்னலைச் சாத்துவதில்லையாம்.